புதுப்பிப்பு: பரோசா பள்ளத்தாக்குக்குப் போய் வந்துவிட்டோம்

தெற்கு ஆஸ்திரேலியாவின் ஒயின் பகுதியான பரோசாவுக்கு அடிலெய்டிலிருந்து நாமே கார் ஓட்டிப் போகலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். வேண்டாம் என்று சொன்னவர்கள் சொன்னதுதான் சரி. ஒரு மணி நேர வழிதான், ஆனால் ரத்தத்தில் ஆல்கஹால் 0.05 சதவீதத்தைத் தொட்டாலே குற்றம், நாலு இடத்தில் ஒயின் ருசி பார்த்துவிட்டு ஸ்டீயரிங்கைப் பிடிக்க முடியாது. ஓட்டுநரோடு வண்டி எடுத்தோம்.

1947இல் தொடங்கிய திராட்சை அறுவடைத் திருவிழா நாட்கள் என்பதால் டனுண்டா ஊர்த் தெருவெல்லாம் கூட்டம், முன்பதிவு செய்யாத ஓர் இடத்தில் எங்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்புறம் லாங்மெயில் ஒயின் ஆலையில் 1843இல் நட்ட ஷிராஸ் வகைத் திராட்சைக் கொடிகளைப் பார்த்தோம். தொடை பருமனுக்கு முறுக்கிக்கொண்டு நிற்கின்றன, இன்னும் காய்க்கின்றன! ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களை 19ஆம் நூற்றாண்டில் அழித்த ஃபைலாக்சரா என்ற வேர்ப்பூச்சி தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் வரவேயில்லை, அதனால்தான் இவை பிழைத்திருக்கின்றன. செருப்பில் ஒட்டிய மண்ணிலேயே அது வந்துவிடும், ஆகவே போட்டோவுக்காகக் கொடிகளுக்குள் தயவுசெய்து இறங்காதீர்கள்.

குடிக்காதவர்கள் மெங்லர் குன்றுக்குப் போங்கள், பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும்.