ஒரே ஓகேடி3 ஆன்டிபாடி: மெலனோமாவில் டி செல் கொல்வதைத் தடுக்கிறது, பி815இல் கொல்லவைக்கிறது. ஏன்?

கேள்வி – செல்வளர்ப்பு
எச்எல்ஏ-ஏ2வை (மனித செல்களின் மேற்பரப்புப் புரதம்) அடையாளம் காணும் மனித சிடி8 டி செல் (மற்ற செல்லைக் கொல்லும் நோயெதிர்ப்பு செல்) குளோன். 4 மணி நேரக் குரோமியம்-51 சோதனை (இலக்கு செல் செத்தால் கசியும் கதிரியக்கக் குரோமியத்தை அளப்பது), கிணற்றுக்கு 5,000 இலக்கு செல், டி செல்லுக்கும் இலக்குக்கும் விகிதம் 10:1. ஓகேடி3 மோனோக்ளோனல் ஆன்டிபாடியை மில்லிக்கு 10 மைக்ரோகிராம் சேர்த்தால், ஏ2 உள்ள மெலனோமா (தோல் புற்று) செல்கள் சாவது பாதிக்கும் கீழே போகிறது. ஏ2வே இல்லாத பி815 எலிப் புற்று செல்களோ அதே ஆன்டிபாடி அளவில் ஏராளமாகச் சாகின்றன. ஆன்டிபாடி சேர்க்காவிட்டால் பி815க்கு ஒன்றும் ஆவதில்லை. ஆன்டிபாடியே அவற்றைக் கொல்கிறதா?

பதில் – பெர்ஃபோரின்
கொல்வது டி செல்தான். ஓகேடி3 எலி ஐஜிஜி2ஏ வகை ஆன்டிபாடி. அதன் கைகள் டி செல் ஏற்பியோடு சேர்ந்து சைகை அனுப்பும் சிடி3ஐப் பிடிக்கின்றன, வாலை (எஃப்சி) பி815இன் எஃப்சி ஏற்பி பிடித்துக்கொள்கிறது. பாலம் அமைந்து சிடி3 அங்கே குவிந்ததும், டி செல்லின் கொல்லும் புரதங்களான பெர்ஃபோரினும் கிரான்சைமும் அந்தப் பக்கமாகவே கொட்டும். டி செல் ஏற்பி எதைத் தேடுகிறது என்பது அங்கே பொருட்டே இல்லை. மெலனோமாவில் எஃப்சி ஏற்பி இல்லாததால் பாலம் அமையாது. ஆன்டிபாடி டி செல் ஏற்பித் தொகுதியை மறைக்கிறது, உள்ளே இழுபடவும் வைக்கிறது.

உறுதிசெய்ய ஓகேடி3இன் எஃப்சி வெட்டிய எஃப்(ஏபி)2 துண்டை (கைகள் மட்டும்) போடுங்கள். மெலனோமாவில் தடுப்பு தொடரும், பி815 சாவது நின்றுவிடும். இன்னொரு கிணற்றில் டபிள்யூ6/32 என்ற ஆன்டிபாடி. இதுவும் ஐஜிஜி2ஏ, டி செல்லின் எச்எல்ஏவைப் பிடித்து பி815ஓடு ஒட்டவைக்கும், ஆனால் கொலை நடக்காது. ஒட்டினால் போதாது, சிடி3 வழியே சைகை போக வேண்டும்.

2014இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ரத்தப் புற்று மருந்தான பிலினாடுமோமாப் இதே பாலம்தான்: ஒரு கை சிடி3க்கு, மறு கை பி செல்லின் சிடி19க்கு, எஃப்சியே கிடையாது.

பதில் – கிணறு96
ஆன்டிபாடி புட்டிச் சீட்டில் சோடியம் அசைடு (கெடாமல் காக்கும் பொருள்) இருக்கிறதா பாருங்கள். அது டி செல்லையே முடக்கும், நாம் ‘தடுப்பு’ என்று எழுதிவைப்போம். ஓகேடி3 விஷயத்தில் அந்தச் சந்தேகம் இல்லை: அதே புட்டி, அதே அளவில் பி815 சாகிறதே. டபிள்யூ6/32ஐ மட்டும் பிபிஎஸ்ஸில் (உப்புக் கரைசல்) டயாலிசிஸ் செய்து அசைடை நீக்கிவிடுங்கள்.

வளர்ப்பு ஊடகத்தில் மனித ஏபி சீரம் (ஏபி ரத்த வகையினரின் சீரம்) வேண்டாம். அதிலுள்ள ஐஜிஜி எஃப்சி ஏற்பிகளை நிரப்பி, பாலத்தைக் கெடுக்கலாம். தானாகக் கசியும் குரோமியம் மொத்தத்தில் 20% தாண்டினால் அந்தத் தட்டின் எண்களை நம்பாதீர்கள்.

செல்வளர்ப்பு
மெலனோமாவுக்குப் பதில் இபிவி (எப்ஸ்டீன்-பார் வைரஸ்) ஏற்றிய பி செல் வரிசை சரிவருமா?

பெர்ஃபோரின்
தடுப்பை அளக்க அந்த வரிசை வேண்டாம். பி செல்லில் எஃப்சி ஏற்பி உண்டு, தடுப்பும் பாலமும் ஒரே கிணற்றில் கலந்துவிடும். பி செல்தான் வேண்டுமென்றால் எஃப்(ஏபி)2 மட்டும் பயன்படுத்துங்கள்.