வகுப்பு மேசைக்குச் சக்கரம் வேண்டுமா?

கரும்பலகை: "அசையாத மேசையை வைத்துக்கொண்டு திரையில் கொஞ்சம், ஆசிரியரோடு கொஞ்சம் என்று படிக்கும் கலப்புக் கற்றலை நடத்தவே முடியாது, எல்லா மேசைக்கும் சக்கரம் வேண்டும்" என்று வகுப்பறை வடிவமைக்கும் வரைகோல் நேற்று இன்னொரு இழையில் தீர்ப்பு எழுதியிருக்கிறார். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. 18 வருடமாக வகுப்பெடுக்கிறேன். அதில் 2 வருடம் சக்கர மேசையோடு மல்லுக்கட்டினேன். பிரேக்கை மிதித்துப் பூட்ட எந்தப் பிள்ளைக்கும் நினைவு வராது. ஒருவன் அழுத்தி எழுதினால் மேசை நகரும், பக்கத்தில் இருப்பவளின் லேப்டாப் ஆடும்.

வரைகோல்: ஒரே பீரியடில் ஒரு குழு திரையில் பாடம் பார்க்கிறது, ஒன்று ஆசிரியரோடு உட்கார்கிறது, இன்னொன்று சேர்ந்து கணக்குப் போடுகிறது. வரிசை மேசையில் இதை எப்படிச் செய்வீர்கள்? பிள்ளைகள் வேலை செய்யத் தோதான மேசை தேடி அலைந்த கதையை அமெரிக்கக் கல்வியாளர் ஜான் டூயி 1899இல் சொன்னார். "இங்கே இருப்பதெல்லாம் உட்கார்ந்து கேட்பதற்கான மேசை" என்றாராம் கடைக்காரர். நீங்கள் இன்னும் அந்தக் கடையிலேயே நிற்கிறீர்கள்.

கரும்பலகை: சுழற்சி முறையில் இடம் மாறுவது பிள்ளைகள். மேசை எதற்கு உருள வேண்டும்? 1907இல் ரோமில் பள்ளி தொடங்கிய இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி, நாலு வயதுப் பிள்ளைகள் இருவர் தூக்கிப் போகும் அளவுக்கு லேசாக மேசை செய்யச் சொன்னார். எடை குறைந்தால் போதும். சக்கரம் எதற்கு?

மணியோசை: சக்கரத்தை விடுங்கள், சத்தத்துக்கு என்ன வழி? காலி வகுப்பறையின் பின்னணி இரைச்சல் 35 டெசிபலையும் எதிரொலி 0.6 விநாடியையும் தாண்டக் கூடாது என்கிறது அமெரிக்கத் தரநிலை. 1970களில் சுவரில்லாமல் கட்டிய பள்ளிகள் பலவற்றில் பிறகு தடுப்பு எழுப்பினார்கள்.

கரும்பலகை: சத்தமா? 30 சக்கர மேசையை ஒரே நேரத்தில் தள்ளிப் பாருங்கள்!

வரைகோல்: ரப்பர் சக்கரம் கத்தாது. இழுபடும் நாற்காலிக் கால்தான் கத்தும். நின்றபடி எழுதும் மேசை பற்றிப் பேசியபோதும் இப்படித்தான் குறுக்கே விழுந்தீர்கள். நான் எதைச் சொன்னாலும் உங்களுக்கு ஆகாது.

நாலாம்பெஞ்சு: பிளக் பாயின்ட் சுவரில் இருக்கிறதே? மேசை நடுவில் போனால் வயர் தரையில் கிடக்கும். எங்கள் வகுப்பில் தடுக்கி விழாத ஆளில்லை.

கரும்பலகை: கேட்டீர்களா? சக்கரம் வைத்த மேசையை வயர் சுவரோடு கட்டிப்போடுகிறது.

வரைகோல்: அதற்குத்தான் சார்ஜ் செய்யும் அலமாரி. ராத்திரியே மொத்த லேப்டாப்பையும் அதில் ஏற்றிவிடலாம். 2015இல் இங்கிலாந்தின் சால்ஃபர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 153 ஆரம்பப் பள்ளி வகுப்பறைகளைப் பார்த்தார்கள். பிள்ளைகளின் முன்னேற்றத்தில் உள்ள வேறுபாட்டில் 16 சதவீதம் வகுப்பறையின் தன்மையால் வந்தது என்றார்கள். இடத்தை மாற்றியமைக்கும் வசதியும் அந்தக் கணக்கில் சேர்ந்ததுதான்.

கரும்பலகை: அந்தப் பங்கில் பாதி வெளிச்சம், காற்று, வெப்பநிலைக்குப் போனதை ஏன் விழுங்கினீர்கள்? சக்கரம் என்று ஒரு வார்த்தை உண்டா அதில்?

வரைகோல்: வகுப்பெடுப்பவருக்கு வரைபடம் படிக்கத் தெரியாது.

கரும்பலகை: வரைபவருக்கு 40 பிள்ளைகளை ஒரு பீரியட் உட்காரவைக்கத் தெரியுமா?

மணியோசை: சத்தத்துக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

கரும்பலகை: சொல்லலாம். முதலில் அந்த பிரேக்கை யார் மிதிப்பது என்று வரைகோல் சொல்லட்டும்.