மலைக்குப் போகிறோம், ரோட்டை விட்டு ஜீப்பை இறக்கலாமா?

வெண்ணாறு (மன்னார்குடி):
சம்பா அறுவடை முடிந்து மூட்டையெல்லாம் கொள்முதல் நிலையத்துக்குப் போனதும் நாங்கள் நான்கு பேர் மலைக்குக் கிளம்புவதாக இருக்கிறோம். முதலில் கொல்லிமலை, அப்புறம் வால்பாறை. மச்சானிடம் ஃபோர் வீல் ஜீப் இருக்கிறது. எனக்குக் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவும் ஏறி ஆகாயகங்கை அருவியில் தலையை நனைத்தால் போதும். மச்சான் கேட்பது வேறு: தார் ரோட்டில் போக இந்த வண்டி எதற்கு, மேலே மண் பாதையும் ஓடைப் பாதையும் இருக்கும்போது அதில் இறக்க வேண்டாமா என்கிறார். நாங்கள் பிறந்ததிலிருந்து பார்த்த ஏற்றம் ஆற்றுப் பாலத்து ஏற்றம்தான். போய் வந்தவர்கள் சொல்லுங்கள், மச்சானும் படிப்பார்.

குடமுருட்டி (பாபநாசம்):
நான் உங்கள் மச்சான் பக்கம். ஊட்டி, கொடைக்கானல் ரோடு இன்றைக்கு என்ன நிலையில் இருக்கிறது? 2024 மே மாதம் இ-பாஸ் வந்தது. 2025 சீசனுக்கு நீலகிரிக்குள் வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 வண்டி என்று நீதிமன்றமே கணக்கு வைக்கும்படி ஆகிவிட்டது. அந்த வரிசையில் முன்னால் போகும் வேனின் புகையைக் குடித்துக்கொண்டு ஏறுவதற்குப் பெயர் மலைப் பயணமா? டெல்டாக்காரனுக்குச் சேறு ஒன்றும் புதிதில்லை, நடவுக்கு முன்னால் கேஜ் வீல் போட்டு டிராக்டரைச் சேற்றில் இறக்குகிறவர்கள் நாம். டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்து, லோ ரேஞ்ச் (மெதுவாக, இழுவை கூட்டிப் போகும் கியர்) போட்டு, ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஊர்ந்து போனால் சக்கரம் வெறுமனே சுற்றாது, மண்ணும் பெயராது. தாராளமாக இறக்குங்கள்.

அரசலாறு (கும்பகோணம்):
தம்பி குடமுருட்டி, நான் அரசு பஸ்ஸில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவன். அதில் சில வருடம் மலை ரூட். சேறு பழக்கம் என்று சொல்லி இவர்களை அனுப்பாதீர்கள். நம் வயலில் சேற்றுக்கு அடியில் காலம் காலமாக உழுது இறுகிய தளம் இருக்கிறது, கேஜ் வீல் கால் ஊன்றுவது அதில்தான். வயல் மட்டமாகவும் இருக்கிறது, வண்டி புதைந்தால் புதைந்த இடத்தில் நிற்கும், இன்னொரு டிராக்டரைக் கொண்டு வந்து இழுத்துவிடலாம். மலைச் சரிவில் நனைந்த மண் பாறை மேல் துணி போர்த்தியது போலக் கிடக்கிறது. அதில் சறுக்கினால் வண்டி பக்கவாட்டில் போகும், பக்கத்தில் இருப்பது பள்ளம்.

மண் பாதை இருக்கட்டும், முதலில் தார் ரோட்டில் இறங்கத் தெரிய வேண்டும். என் தங்கை மகன் வால்பாறையிலிருந்து ஆழியாறு பக்கம் 40 வளைவு ரோட்டில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினான், நான் பின் சீட்டில் தூங்கிப் போயிருந்தேன். லைனிங் கருகும் வாடை மூக்கில் ஏறித்தான் விழித்தேன். கீழிருந்து ஒன்பதாவது வளைவில், அந்த லோம்ஸ் வியூ பாயின்டில் நிறுத்தச் சொல்லி, நானே பெடலில் காலை வைத்துப் பார்த்தேன், சேற்றில் கால் வைத்த மாதிரி பாதிவரை எதிர்ப்பே இல்லாமல் உள்ளே போனது. முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் கையைக் கொண்டு போக முடியவில்லை, அப்படி ஒரு அனல். தண்ணீர் ஊற்றட்டுமா என்றான், கூடாது என்று தடுத்தேன், சூட்டில் இருக்கும் பிரேக் டிஸ்க் கோணிவிடும். தானாக ஆறும் வரை முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர், நியூட்ரல் மட்டும் கூடவே கூடாது. எதிரில் வண்டி ஏறி வந்தால் அதற்குத்தான் முதல் வழி, சட்டமும் அதுதான். கொல்லிமலை வளைவில் பஸ் முழு ரோட்டையும் எடுத்துத்தான் திரும்ப முடியும், ஹாரன் கேட்டால் வளைவுக்கு முன்னாலேயே நின்று விடுங்கள்.

குடமுருட்டி:
அண்ணே, பிரேக் விஷயத்தில் நீங்கள் சொல்வது அத்தனையும் சரி, வெண்ணாறு அதை அப்படியே குறித்துக்கொள்ளட்டும். ஆனால் கேள்வி மண் பாதையைப் பற்றி. மூணாறு பக்கம் சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குத் தினமும் விடியற்காலை எத்தனை ஜீப் போகிறது? கிட்டத்தட்ட 8,000 அடி, வழியெல்லாம் கல், வண்டி தொட்டில் மாதிரி ஆடும். அங்கே ஓட்டுகிற பையன்கள் ஓட்டலாம், நாம் கற்றுக்கொள்ளக் கூடாதா? இன்னொன்றும் கேட்கிறேன். நீங்கள் போகச் சொல்கிற தார் ரோடே மலையை வெட்டிப் போட்டதுதானே. சோலைக் காட்டை அழித்துத் தேயிலை வைத்ததும் நாங்கள் இல்லை. வருடத்துக்கு இரண்டு தடவை போகிற நான்கு ஜீப் மேல் மட்டும் ஏன் இவ்வளவு கோபம்?

மண்ணியாறு (சீர்காழி):
கோபம் எதனால் என்று நான் சொல்கிறேன் தம்பி. கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத் தொடரின் மேல் பக்கம் ஒரு புல்வெளிச் சரிவில் இரண்டு டயர் தடம் பார்த்தேன். யாரோ ஒரு மழை நாளில் ஏறிப் பார்த்திருக்கிறார்கள். அதற்கடுத்த மழைகளில் தண்ணீர் புல்லுக்குள் இறங்காமல் அந்தத் தடத்தைப் பிடித்து ஓடி ஓடி, என் முழங்கால் அளவுக்கு வாய்க்கால் விழுந்திருந்தது. இரண்டு ஓரமும் புல்லின் வேர் முடி மாதிரி தொங்கியது. வரப்பில் நண்டு வளை வைத்த ஓட்டையை ஒரு நாள் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும், அதே கதைதான். நான்கு ஜீப் போதும்.

அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று பாருங்கள். பழனி மலையின் வடக்குச் சரிவுத் தண்ணீர் சண்முகநதி வழியாக அமராவதிக்குப் போகிறது, நீலகிரித் தண்ணீர் பவானிக்கு. இரண்டுமே காவிரியில் சேர்வது மேட்டூருக்குக் கீழே. அணையில் தண்ணீர் இல்லாத வருடத்தில் கல்லணைக்கு ஏதாவது வருகிறதென்றால் அதில் இந்த ஆறுகளின் பங்கும் இருக்கிறது. புல்வெளியும் சோலையும் மழையைப் பிடித்து வைத்துக் கசியவிட்டால்தான் அது கோடையிலும் வரும். மேட்டூர் திறக்கும் ஜூன் 12 எப்போது வரும் என்று பார்த்திருக்கிற நாம் அதைக் கிழிக்கலாமா?

கொழுக்குமலைப் பாதை உள்ளூர் ஜீப் டிரைவர்களுக்குச் சோறு போடுகிற பாதை, அவர்களுக்குக் கொடுப்பதைக் கொடுத்து ஏறிப் போங்கள். காப்புக் காட்டுக்குள் அனுமதியில்லாமல் வண்டி இறக்குவது குற்றம், அதில் விவாதமே இல்லை.

கரடுமுரடாக ஓட்டியே ஆக வேண்டுமென்றால் இமாசலப் பிரதேசத்து ஸ்பிதிக்குப் போங்கள், நான் இரண்டு முறை போனேன். கிராம்பூவிலிருந்து குன்சும் கணவாய் ஏறும் வழி பெயருக்குத்தான் ரோடு, பல இடத்தில் உருண்டைக் கல்லும் குறுக்கே ஓடும் பனித் தண்ணீரும்தான். காலையில் முழங்காலுக்குக் கீழே ஓடுகிற ஓடை, வெயில் ஏறிப் பனி உருகியதும் மதியத்தில் பொங்கிவிடும், அதனால் விடியும்போதே கிளம்ப வேண்டும். உங்கள் லோ ரேஞ்சுக்கு அங்கே வேலை இருக்கிறது, யாருடைய புல்லும் கிழியாது. அங்கேயும் ஆற்றுக்குள் இறங்கக் கூடாது. 2023 டிசம்பரில் லாகுலில் சந்திரா ஆற்றுக்குள் ஜீப்பை ஓட்டியவருக்குப் போலீஸ் அபராதம் போட்டது. இன்னொன்று, முதல் தடவை மணாலி வழியாக ஒரே மூச்சில் ஏறி, இரவு முழுக்கத் தலைவலியும் வாந்தியுமாகக் கிடந்தேன். கடல் மட்டத்து உடம்பு நம்முடையது. அடுத்த தடவை சிம்லா, கின்னவுர் வழியாக நாள் நாளாக உயரம் கூட்டிப் போனேன், ஒன்றும் செய்யவில்லை.

குடமுருட்டி:
அக்கா, மேட்டூருக்குக் கீழே சேரும் தண்ணீர் என்று சொன்னதை நான் யோசிக்கவே இல்லை. புல்வெளியில் இறக்குவதை விட்டுவிடுகிறேன். ஆனால் எஸ்டேட் மண் ரோட்டில், சொந்தக்காரர் அனுமதியோடு, காய்ந்த மாதத்தில் ஓட்டுவதை விட மாட்டேன். அதில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அரசலாறு:
காய்ந்த மாதத்தில் ஓட்டுங்கள், யாரும் தடுக்கவில்லை. வெண்ணாறு, எந்த வாரம் கிளம்புகிறீர்கள்? கொல்லிமலை அடிவாரத்துக் காரவள்ளிக்கு நான் பஸ்ஸில் வந்துவிடுகிறேன். மச்சான் பக்கத்தில் உட்கார்ந்து செகண்ட் கியரில் 70 வளைவும் இறக்கிக் காட்டுகிறேன்.

வெண்ணாறு:
ஐயா, மாசி முதல் வாரம். பஸ்ஸெல்லாம் வேண்டாம், கும்பகோணத்தில் வீட்டு வாசலுக்கே வந்து ஏற்றிக்கொள்கிறோம். மச்சான் படித்துவிட்டார். ஸ்பிதிக்கு எத்தனை நாள் லீவு வேண்டும் என்று மண்ணியாறு அக்காவிடம் கேட்கச் சொல்கிறார்.