ரிக்கியா, கோல்மனா? முதலில் அந்த 42-க்குப் பதில் வரட்டும்

தி.நகர்வாசி: பழைய பேஸ்பால் வீரர்களின் நிஜப் புள்ளிவிவரங்களை வைத்து நாம் ஆடும் சிமுலேஷன் லீக்கில் வின்ஸ் கோல்மன்தான் நம்பர் ஒன் பேஸ் திருடன் (பந்து அடிபடாமலே அடுத்த பேஸுக்கு ஓடிப் பிடிப்பவர்) என்று நேற்று ஒருத்தர் எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து எரிச்சல் தாங்கவில்லை. ரிக்கி ஹென்டர்சன் 1982-இல் 130 பேஸ் திருடினார். நவீன பேஸ்பாலில் இன்றுவரை அதை யாரும் எட்டவில்லை. வாழ்நாள் மொத்தக் கணக்கு 1406. அடுத்து நிற்கும் லூ பிராக் 938. இதுக்கு மேல் என்ன பேச்சு?

பெரம்பூர் எக்ஸ்பிரஸ்: எழுதியது நான்தான், பெயர் சொல்லியே கேட்கலாம். 130-ஐச் சொன்னவர் 42-ஐ ஏன் விழுங்கிவிட்டார்? அதே சீசனில் ரிக்கி 42 முறை திருடப் போய் அவுட். அதுவும் ரெக்கார்டுதான். என்னிடம் இருக்கும் 1986 கோல்மன் 107 திருடி, மாட்டியது 14 முறைதான்.

தி.நகர்வாசி: திருட முதலில் பேஸுக்கு வரணும் சார். அந்த 1986-இல் உங்கள் ஆளின் பேட்டிங் சராசரி .232. ரிக்கி 1982-இல் வாங்கிய வாக் (நாலு தப்பான பந்து வந்தால் அடிக்காமலே கிடைக்கும் முதல் பேஸ்) மட்டுமே 116.

பெரம்பூர் எக்ஸ்பிரஸ்: நான் வாக் கணக்கா கேட்டேன்? 42-க்குப் பதில் எங்கே? ஒரு அவுட் போனால் இரண்டு திருட்டின் பலன் போச்சு. 130-இல் 84 கழியுங்கள், 46. கோல்மனுக்கு 107-இல் 28 போனாலும் 79 நிற்கும். போன ஞாயிறு என்ன நடந்தது? ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு அவுட், நீங்கள் ஒரு ரன் பின்னால். செகண்ட் பேஸில் நின்ற ரிக்கியை தேர்டுக்குத் துரத்தினீர்கள். ஒரு சிங்கிள் விழுந்தாலே செகண்டிலிருந்து ஹோமுக்கு வந்து ரன் எடுத்திருப்பார். என் கேட்சர் (பேட்டருக்குப் பின்னால் பந்து பிடிப்பவர்) பாப் பூன் தேர்டுக்கு எறிந்தார், ரிக்கி அவுட், ஆட்டம் முடிந்தது. 42 என்றால் இதுதான்.

மடிப்பாக்கம் மாறன்: அண்ணே, இரண்டு பேரும் டிம் ரெய்ன்ஸை மறந்துட்டீங்க. 808 திருட்டு, 146 அவுட். சதவீதத்தில் உங்கள் இருவரையும் தாண்டுவார்.

பெரம்பூர் எக்ஸ்பிரஸ்: தம்பி, நடுவில் வராதே. கோல்மன் 1988-89-இல் தொடர்ந்து 50 முறை மாட்டாமல் திருடியவர். ரெய்ன்ஸ் பஞ்சாயத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

தி.நகர்வாசி: அந்த பாப் பூன் எப்படி உங்கள் கேட்சர் ஆனார்? நான் ஊரில் இல்லாத வாரம் பார்த்து அவசரமாக டிரேட் (வீரர் மாற்று) போட்டு வாங்கினீர்கள். உங்கள் கோல்மன் 1985-இல் மைதானத்தை மூடும் தார்ப்பாய் மெஷினிடமே தப்ப முடியாமல் உலகத் தொடரைக் கோட்டைவிட்டவர்.

பெரம்பூர் எக்ஸ்பிரஸ்: காலில் அடிபட்டவரைக் கிண்டல் செய்வதா? கேவலம். அந்த வருஷமும் 110 திருடினார், அதுவும் அறிமுக சீசனில். டிரேட்டுக்கு நீங்களே "ஓகே" போட்டீர்கள், மெசேஜ் இருக்கிறது. 42-க்கு மட்டும் பதில் இல்லை.

கொளத்தூர் அண்ணன்: லீக் நடத்துகிறவன் சொல்கிறேன், டிரேட் முடிந்த கதை. வெள்ளி இரவுக்குள் லைன்-அப் அனுப்புங்கள்.

தி.நகர்வாசி: பெரம்பூருக்கு மட்டும் சனி காலை வரை டைம் கொடுத்தீர்களே, அது எந்த விதி அண்ணே?

பெரம்பூர் எக்ஸ்பிரஸ்: அன்றைக்கு எங்கள் ஏரியாவில் கரண்ட் இல்லை, எல்லோருக்கும் தெரியும். பேச்சை மாற்றாதீர்கள். 42.