எண்ணூர் நம்ம ஸ்கூல் பெற்றோர் குழு

செல்வி, இரவு 7:42
எல்லாருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமை எஸ்.எம்.சி. (பள்ளி மேலாண்மைக் குழு) கூட்டம். இந்தத் தடவ ஒரு தீர்மானம் கொண்டு வரப் போறேன். காத்தக் கெடுத்ததுக்குக் கம்பெனிங்க கட்டுற அபராதத்துல ஒரு பங்கு நம்ம ஸ்கூலுக்கு வரணும்.

பாபு, 7:45
அக்கா, அது கவர்மென்ட்டுக்குத்தானே போவும்? நாம எப்படி கேக்குறது

செல்வி, 7:53
கேக்கலாம் தம்பி. 1996ல வேலூர் தோல் பதனிடுற தொழிற்சாலைங்க கேஸ்ல, கெடுத்தவங்கதான் காசு கட்டணும்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு. ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் 10,000 ரூபா அபராதம். அத கலெக்டர்கிட்ட கட்டி, தனி நிதியா வச்சு, பாதிக்கப்பட்டவங்களுக்கும் கெட்டுப்போன இடத்த சரி பண்ணவும் செலவழிக்கணும்னு உத்தரவு. 2023ல சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தத் திருத்தினாங்கல்ல, அதுல அபராதம் 15 லட்சம் வரைக்கும். அந்தப் பணம் சேர்ற நிதிய எதுக்குச் செலவு பண்ணலாம்னு போட்ட இடத்துல விழிப்புணர்வும் கல்வியும் இருக்கு.

முருகன் அண்ணன், 7:58
எம்மா, 2023 டிசம்பர்ல ஆத்துல எண்ணெய் கலந்தப்ப என் வலை பூரா கருப்பாயி தூக்கிப் போட்டேன். காசு வந்தா மொதல்ல கடலுக்குப் போறவனுக்கு வரணும்

செல்வி, 8:02
உங்க நஷ்ட ஈட்டுல யாரும் கை வைக்கக் கூடாது அண்ணே. அது வேற, அபராதம் வேற. அதே மாசம் 26ந்தேதி ராத்திரி அமோனியா கசிஞ்சு, புள்ளைங்கள தூக்கிக்கிட்டு ஓடினோமே. அதுக்குக் கம்பெனி 5.92 கோடி ரூபா கட்டணும்னு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், சுற்றுச்சூழல் கேஸ் பாக்குற பசுமைத் தீர்ப்பாயத்துல கணக்கு சொல்லிச்சு. ஓடினது நம்ம புள்ளைங்க. அதுங்க படிக்கிற இடத்துக்கு அதுல ஒரு பைசாவாவது வரணும்ல?

கவிதா டீச்சர், 8:10
கேளுங்க, ஆனா காத்து சுத்தம் பண்ற மிஷின் கேக்காதீங்க. அது தூசியப் புடிக்கும், அமோனியாவ நிறுத்தாது. தெறந்த ஜன்னல் வகுப்புல அதுவும் வீண்.
எனக்கு வேண்டியது வாசல்ல காத்து மாச அளக்குற ஒரு கருவி. மணலில இருக்குற காத்து அளக்குற நிலையத்து அளவு மணலிக்குத்தான். நம்ம கேட்டுகிட்ட கன்டெய்னர் லாரி இன்ஜின அணைக்காம நிக்கிறது அதுல தெரியாது. பசங்களே தினம் பாத்து எழுதட்டும், கொடி ஏத்தட்டும். காத்துத் தரக் குறியீடு (AQI) 100 வரைக்கும் பச்சை, 200 வரைக்கும் மஞ்சள், 300 வரைக்கும் ஆரஞ்சு, அதுக்கு மேல சிவப்பு. ஆரஞ்சு ஏறினா அன்னிக்கு ஓட்டப் பயிற்சி இல்ல.
பச்சைன்னா சுத்தம்னும் நெனச்சிடக் கூடாது. நுண்தூசி (PM2.5) ஒரு கன மீட்டர் காத்துல, ஒரு நாள் சராசரியா 60 மைக்ரோகிராம் வரைக்கும் இருக்கலாம்னு நம்ம நாட்டு அளவு. உலக சுகாதார நிறுவனம் 15னு சொல்லுது. அதையும் சொல்லிக் குடுக்கணும்.

கவிதா டீச்சர், 8:13
இன்னொண்ணு, கேஸ் கசிஞ்சா என்ன பண்ணணும்னு ஒத்திகை. அமோனியா தண்ணில கரையும். ஈரத்துணிய மூக்குல வச்சுக்கிட்டு, காத்தடிக்கிற திசைக்குக் குறுக்கால போகணும். ஒண்ணாங்கிளாஸ் புள்ளைக்கும் இது கை வரணும்.

பாபு, 8:16
எனக்கு ஒரு பயம்தான். காசு வாங்கிட்டா, அதான் குடுத்துட்டோமேன்னு நம்ம வாய அடைச்சிடுவாங்க

செல்வி, 8:20
அதனாலதான் கம்பெனி கையால ஒண்ணும் வேணாம்னு எழுதப் போறேன். பேரு போட்ட பெஞ்சு, பேனர், திறப்பு விழா எதுவும் கிடையாது. இது நன்கொடை இல்ல, தண்டனைப் பணம். அரசு வழியா ஸ்கூல் கணக்குக்கு வரணும், செலவுக் கணக்கு நோட்டீஸ் போர்டுல ஒட்டணும். கட்டிட்டா மறுபடி புகை விடலாம்னு அர்த்தமில்ல, அதுவும் ஒரு வரி.

கவிதா டீச்சர், 8:22
பள்ளி வளர்ச்சித் திட்டம் போடுறது எஸ்.எம்.சி. வேலைன்னு கல்வி உரிமைச் சட்டத்துலயே இருக்கு. அதுல சேர்த்து, நகல் எடுத்து கலெக்டர்கிட்ட குடுங்க.

முருகன் அண்ணன், 8:31
பேத்தி ராத்திரில இருமிக்கிட்டேதான் தூங்குது. நான் கையெழுத்துப் போடுறேன். வலைக்காரங்க நஷ்ட ஈட்ட இதுல கழிக்கக் கூடாதுன்னு சேத்து எழுது

செல்வி, 8:32
மொத வரியே அதுதான் அண்ணே

தேவி அத்தை, 8:40
செல்வி எனக்கு எழுத வராது. கைநாட்டு செல்லுமா

செல்வி, 8:41
செல்லும் அத்தை. காலைல 8 மணிக்கு கேட்டுகிட்ட வாங்க. மை நான் எடுத்துட்டு வரேன்.