அழவேண்டாம், சட்டையை மாட்டு

எனக்குக் கிடைத்த பாத்திரம், மகனைப் பறிகொடுத்த தகப்பன். கடிதம் வரும், படிப்பார், புறப்பட்டுப் போவார். மொத்தமே ஆறு வரி வசனம். ஒத்திகையின் மூன்றாம் நாளே எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. தாத்தா இறந்த நாளை நினைத்துக்கொள்வேன், தொண்டை அடைக்கும், கண் கலங்கும். நடிப்பு கைவந்துவிட்டது என்றே நம்பினேன். பத்தாம் நாள் கண்ணீர் வரவில்லை. குரலை நடுங்க வைத்தேன், முகத்தைச் சுளித்தேன், ஒன்றும் நடக்கவில்லை.

இயக்குநர் நிறுத்தச் சொல்லிவிட்டுக் கேட்டார்: "கடுதாசியில என்ன எழுதியிருக்கு?"

என் கையில் இருந்தது வெற்றுத்தாள். "மகன் இறந்துட்டான்னு, சார்."

"அது கதை. கடுதாசியை யார் எழுதினது? எந்த வரியில சேதி வருது?"

பதில் இல்லை. அன்றிரவு அந்தக் கடிதத்தை நானே உட்கார்ந்து எழுதினேன். பன்னிரண்டு வரி. முதல் நான்கும் நலம் விசாரிப்பு. சேதி ஏழாவது வரியில். மறுநாள் அதைக் கையில் வைத்துப் படித்தபோது, நான்காவது வரி வரைக்கும் முகத்தில் ஒரு மலர்ச்சி இருந்ததாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். அதை நான் திட்டமிடவில்லை.

அடுத்து அவர் சொன்னதுதான் இன்றுவரை என்னோடு இருக்கிறது. "நீ அழவேண்டாம். வண்டி புறப்பட நேரம் ஆச்சு. சட்டையை மாட்டிக்கிட்டுக் கிளம்பு." மாட்டினேன். பொத்தானை ஒரு துளை தள்ளிப் போட்டுவிட்டேன், வேண்டுமென்று அல்ல. கழற்றி மறுபடி போட்டால் விரல் சொன்னபடி கேட்கவில்லை. ஓரத்தில் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். என் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. ஆனால் மார்புக்குள் ஏதோ இறங்கியது, முந்தைய நாட்களின் கண்ணீரைவிடக் கனமாக.

பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். 1898-இல் மாஸ்கோ கலை அரங்கத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவரான ஸ்தானிஸ்லாவ்ஸ்கி முதலில் நடிகரின் சொந்த நினைவுகளைத் தோண்டும் பயிற்சிக்கு நிறைய இடம் கொடுத்தார். கடைசிக் காலத்தில், உடல் செய்யும் செயலிலிருந்து தொடங்கு, உணர்ச்சி பின்னால் வரும் என்ற பக்கம் நகர்ந்தார். உணர்ச்சி உடலில் வெளிப்படுவதைப் பேசும் நம் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலும் எனக்கு இதே இடத்தில்தான் உதவுகிறது. அழுகை என்று சொல்லிவிட்டு நிறுத்தாமல் இளிவு (இகழப்படுவது), இழவு (இழப்பு), அசைவு (முன்பிருந்த நிலையிலிருந்து தாழ்வது), வறுமை என்று அது பிறக்கும் இடம் நான்கையும் சொல்கிறது. இழந்தவன் அழுவதும், இருந்த நிலையிலிருந்து தாழ்ந்தவன் அழுவதும் ஒன்றில்லை. பாத்திரம் கைக்கு வந்ததும் இந்த நான்கில் எது என்று கேட்டுக்கொள்வேன்.

சொந்தத் துக்கத்தைத் தோண்டுவதைப் புதியவர்களுக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். தோண்டத் தோண்ட வற்றும். அதோடு பார்வை உள்ளே போய்விடும், எதிரில் நிற்கும் சக நடிகர் தனியாகிவிடுவார். உங்களுக்கு இப்படித் திருப்பம் தந்த நாள் எது? எழுதுங்கள்.

பதில் 1

அண்ணா, என் திருப்பம் குரலில். எனக்குச் சத்தம் உண்டு, யாரும் குறை சொன்னதில்லை. ஒருநாள் பயிற்சியாளர் அம்மா கடைசி வரிசையில் போய் நின்றார். "எந்த வாக்கியத்தோட முடிவு எனக்குக் கேக்கலையோ அப்ப கையைத் தூக்குவேன்" என்றார். ஒரு பக்க வசனத்தில் பதினோரு முறை கை உயர்ந்தது.

தமிழில் இது பெரிய சேதம். வினை கடைசியில்தான் வருகிறது. வந்தானா வந்தாளா, வந்ததா வரவில்லையா, கேள்வியா உத்தரவா, எல்லாமே அந்தக் கடைசி அசைகளில் இருக்கிறது. நாமோ தொடக்கத்திலேயே மூச்சைச் செலவழித்துவிட்டு, முடிவை விழுங்குகிறோம். "நான் அவனை மன்னிக்க..." என்பது வரைக்கும் கேட்டுவிட்டு 'மாட்டேன்' கேட்காவிட்டால் நாடகமே தலைகீழ்.

அவர் கொடுத்த பயிற்சி எளிமையானது. மல்லாந்து படுத்து வயிற்றின்மேல் ஒரு புத்தகம் வைத்து, மார்பு ஏறாமல் புத்தகம் மட்டும் ஏறி இறங்க மூச்சு விடுவது. பிறகு நின்றுகொண்டு, வசனத்தைக் கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கிக் கட்டுவது: "மாட்டேன்", "மன்னிக்க மாட்டேன்", "அவனை மன்னிக்க மாட்டேன்". மூன்று வாரத்தில் கத்துவதை விட்டேன். கிசுகிசுப்பும் கடைசி வரிசைக்குப் போக ஆரம்பித்தது. ழகரத்தைத் தனியாகச் சரிசெய்ய இன்னும் அதிக நாள் ஆனது.

பதில் 2

நான் கற்றது கேட்பதை. எதிராளி பேசும்போது என் அடுத்த வரியை மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருப்பேன், பல வருடப் பழக்கம். ஒரு பயிலரங்கில் இருவரை எதிரெதிரே உட்காரவைத்து, "உன் தோள் இறுகியிருக்கு" என்று ஒருவர் சொன்னால் "என் தோள் இறுகியிருக்கு" என்று மற்றவர் திருப்பிச் சொல்லவேண்டும் என்றார்கள். அமெரிக்க நடிப்பு ஆசிரியர் சான்ஃபோர்டு மைஸ்னர் வடித்த பயிற்சி இது. முதல் ஐந்து நிமிடம் வெறும் எதிரொலி. அப்புறம் சொல் அதேதான், ஆனால் எதிரில் இருந்த பெண்ணுக்குக் கோபம் வருவது எனக்கு அவர் குரலிலேயே தெரிந்தது. என் குரலும் மாறியது.

சில மாதம் கழித்து, காட்சி நடுவே சக நடிகர் வரியை மறந்து நின்றார். முன்பென்றால் நானும் உறைந்திருப்பேன். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால், "சொல்லத் தயங்குறீங்களா? வீட்டை வித்துட்டீங்க, அதானே?" என்று கேட்டேன். அவர் வரிக்குத் திரும்பிவிட்டார்.

ஒன்று கேட்கவேண்டும். அந்தப் பொத்தான் தவறு ஒவ்வொரு காட்சியிலும் வந்ததா?

முதல் பதிவர்

வரவில்லை. நான்காவது மேடையேற்றத்திலிருந்து நானே துளை தள்ளிப் போட ஆரம்பித்தேன். இயக்குநர் ஒன்றும் சொல்லாமல் வேறு சட்டை கொண்டுவந்து கொடுத்தார். பொத்தான்கள் இன்னும் சிறியவை, துளைகள் இறுக்கமானவை. அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் அதோடு உண்மையாகவே மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.