மறு: "நிரந்தர நாட்காட்டி" வேண்டாம், "நெட்டாண்டறி" எப்படி?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

கைக்கடிகார நாட்காட்டிகளுக்குப் பெயர் தேடும் இந்த இழையில் "ஆண்டு நாட்காட்டி" (annual calendar), "நிரந்தர நாட்காட்டி" (perpetual calendar) என்ற இரண்டையும் சுற்றியே வந்துகொண்டிருக்கிறோம். இரண்டும் எனக்கு ஒப்பவில்லை. ஏன் என்று சொல்ல, என் கையில் கிடக்கும் சீக்கோ 5 வாட்ச்சிலிருந்து தொடங்குகிறேன்.

நான் சிங்கப்பூரின் துவாஸில் ஒரு கிடங்கில் இரவு வேலை பார்க்கிறேன். சரக்கு வந்ததும் டெலிவரி ஆர்டரில் கையெழுத்துப் போட்டுத் தேதி எழுத வேண்டும். ஒரு ஜூலை முதல் தேதி, விடியற்காலையில், வாட்ச்சைப் பார்த்து 31/6 என்று எழுதிவிட்டேன். ஒரே இரவில் பதினொரு தாள். அத்தனையும் கணக்குப் பிரிவிலிருந்து திரும்பி வந்தன. "அண்ணே, உங்களுக்கு மட்டும் ஜூனில் ஒரு நாள் கூடுதலா?" என்று தம்பிமார் இன்னும் கேட்கிறார்கள்.

தப்பு வாட்ச்சின் மேல் இல்லை. அதன் தேதி வளையத்தில் 31 பல். நாளுக்கு ஒரு பல் நகரும், அவ்வளவுதான் அதற்குத் தெரிந்தது. பிப்ரவரி, ஏப்ரல், ஜூன், செப்டம்பர், நவம்பர் முடியும்போதெல்லாம், வருடத்துக்கு ஐந்து முறை, நாம்தான் வாட்ச்சின் பக்கத்தில் உள்ள திருகைப் பிடித்துத் திருத்த வேண்டும். அதையும் எந்நேரமும் செய்ய முடியாது. ஒருமுறை இரவு பதினொரு மணிக்குத் தேதியை வேகமாகத் தள்ளப்போய், சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு ரிப்பேர் கடைக்கு எடுத்துப் போகும்படி ஆயிற்று. சீன அங்கிள் முகப்பைக் கழற்றி, லென்ஸை என் கண்ணில் மாட்டிவிட்டுக் காட்டினார். நள்ளிரவு நெருங்கும்போது விரல் போன்ற ஒரு சின்னத் துண்டு வந்து பல்லில் கோத்துக்கொள்கிறது. அந்த நேரத்தில் நாமும் தள்ளினால் ஏதாவது ஒன்று உடையும். கிழமைத் தட்டையும் அன்றுதான் பார்த்தேன்: ஏழு கிழமை இரண்டு மொழியில், ஆக 14 இடம். ஒரு நாளுக்கு இரண்டு படி போகிறது. நள்ளிரவில் கொஞ்ச நேரம் சீனம் எட்டிப்பார்த்துவிட்டு மறுபடி ஆங்கிலத்துக்கு வருவது அதனால்தான்.

சரி, சொல்லுக்கு வருகிறேன்.

"ஆண்டு நாட்காட்டி" என்று என் அம்மாவிடம் சொன்னால், தேக்கா மளிகைக் கடையில் வருடப் பிறப்புக்கு இனாமாகக் கொடுக்கிற, முருகன் படம் போட்ட காலண்டரைத்தான் நினைப்பார். நாம் பேசுவதோ 1996-இல் சுவிஸ் கடிகார நிறுவனமான பட்டேக் பிலிப் வெளியிட்ட வகையை. 30 நாள் மாதம் எது, 31 நாள் மாதம் எது என்று அதற்குத் தெரியும். பிப்ரவரி மட்டும் தெரியாது, அதையும் 30 நாள் என்றே எண்ணிக்கொள்ளும். எனவே மார்ச் முதல் தேதி ஒரே ஒரு திருத்தம்.

"நிரந்தர" இன்னும் மோசம். இங்கே நிரந்தரவாசி அட்டை வைத்திருப்பவரைக் கேளுங்கள், மறுநுழைவு அனுமதியைப் புதுப்பித்துப் புதுப்பித்துத்தான் அந்த நிரந்தரம் ஓடுகிறது. பிப்ரவரியும் தெரிந்த, நாம் "நிரந்தர" என்று அழைக்கும் கடிகாரமும் அப்படித்தான். 1760களில் தாமஸ் மட்ஜ் என்ற ஆங்கிலேயக் கடிகாரக் கலைஞர் சட்டைப்பைக் கடிகாரத்தில் செய்து காட்டிய காலத்திலிருந்து, 1925-இல் பட்டேக் பிலிப் அதைக் கைக்குக் கொண்டுவந்த பிறகும், இதன் அறிவு பெரும்பாலும் நான்கு ஆண்டுக்குள் அடக்கம். உள்ளே ஒரு தட்டு, நான்கு ஆண்டுக்கு ஒரு சுற்று. அதன் விளிம்பில் 48 மாதத்துக்கும் இடம் உண்டு. 31 நாள் மாதம் மேடாக இருக்கும், 30 என்றால் சின்னப் பள்ளம், பிப்ரவரிக்கு ஆழமான பள்ளம், நெட்டாண்டுப் (லீப் வருடப்) பிப்ரவரிக்கு அதைவிட ஒரு மயிரிழை மேலே. ஒரு நெம்புகோலின் மூக்கு அந்த விளிம்பைத் தடவிப் பார்த்து, மாதக் கடைசியில் எத்தனை நாள் தாண்டுவது என்று முடிவுசெய்கிறது. (எனக்கு இதில் பிடித்ததே அந்த மயிரிழைதான்.) ஆனால் 1582-இல் வந்த கிரெகோரி கணக்குப்படி 2100 நெட்டாண்டு இல்லை. தட்டுக்கு அது தெரியாது. அந்த மார்ச் முதல் தேதி "நிரந்தரம்" பிப்ரவரி 29 என்று காட்டிக்கொண்டு நிற்கும்.

என் யோசனை இது. நாட்காட்டியில் இருக்கும் "காட்டி" எதைக் காட்டுகிறது என்பதோடு நின்றுவிடுகிறது. இந்த வகைகளைப் பிரிப்பது காட்டுவது அல்ல, அறிவது. கிழமை, தேதி, மாதம் மூன்றையும் காட்டுகிற "முழு நாட்காட்டி" ஒன்று உண்டு. எல்லாம் காட்டும், ஒன்றும் அறியாது, வருடத்துக்கு ஐந்து திருத்தம் அதற்கும் வேண்டும். ஆகவே "அறி"யைச் சேர்ப்போம். 1996 வகை மாதமறி நாட்காட்டி. 48 மாத வகை நெட்டாண்டறி நாட்காட்டி. 2100-ஐயும் தாண்டுகிற வகை நூற்றாண்டறி. ஐடபிள்யூசி என்ற சுவிஸ் நிறுவனம் 2024-இல் வெளியிட்டதில் 400 ஆண்டுக்கு ஒரு முறை சுற்றும் சக்கரம் ஒன்று, அதில் மூன்றே மூன்று பள்ளம், 400 ஆண்டில் விடுபடும் மூன்று நெட்டாண்டுக்காக. அதை வேறு எப்படி அழைப்பது?

பிப்ரவரி தெரியாததற்கு "மாதமறி" பட்டமா என்று மலாக்கா ஐயா கேட்பார். பன்னிரண்டுக்குப் பதினொன்று, ஐயா, பாஸ் போடலாம். மூக்கு தடவிப் பார்ப்பதால் "உணர்" பொருந்தும் என்று ஜூரோங் அக்கா தனிமடலில் எழுதியிருந்தார். அழகுதான் அக்கா, ஆனால் "உணரி" என்றதும் எல்லாரும் மின்கருவியை நினைக்கிறார்கள். இதில் ஒரு மின்கலம்கூடக் கிடையாது.

அப்புறம் ஒரு ஆசை. நம் சித்திரை, வைகாசிக்கு யாராவது மாதமறி செய்தால் வளையத்தில் 32 பல் வேண்டும். ஒரு மாதம் 29-இல் முடிகிறது, இன்னொன்று 32 வரை போகிறது, அதுவும் சூரியன் ராசி மாறுவதைப் பொறுத்து ஆண்டுக்கு ஆண்டு மாறும். நெம்புகோலின் மூக்கு தேய்ந்தே போகும்.

"அறி"க்கு மறுப்பு இருந்தால் எழுதுங்கள். இன்று ஜூன் 30, இரவு மணி பதினொன்று. திருகைத் தொடப்போவதில்லை. வேலை முடிந்து காலையில் திருத்திக்கொள்கிறேன். அதுவரை கையெழுத்துப் போடும்போது கைப்பேசியைப் பார்த்துத்தான் தேதி.